பார்த்துக்கலாம் தம்பி!

'மேற்படி வீட்டை வாடகைதாரர் உள்வாடகைக்கோ மேல்வாடகைக்கோ விடக்கூடாது.'

சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் முக்கால்வாசிப் பேர் இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹவுஸ் ஓனரும் படித்திருக்க மாட்டார். பத்திரம் டைப் அடிப்பவர் பல வருடங்களாக ஒரே அக்ரிமென்ட்டில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார். மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ஒரு வரியோடு எனக்குச் சண்டை.

வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீடு, வாடகை 24 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவரின் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடுகிறது. ஒரு ரூமை, ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையனுக்குப் பத்தாயிரத்துக்கு விடலாம் என்று நினைக்கிறார். ஓனர் காதில் ஜாடையாகப் போட்டு வைக்கிறார். ஓனர் என்ன சொல்வார்?

''அதுக்கென்ன தம்பி... நல்ல பையனா இருந்தா சரி. பார்த்துக்கலாம்.''

இதைவிட ஆபத்தான சம்மதம் தமிழ்நாட்டில் கிடையாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் மாநிலத்தின் புதிய வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றியது) இதில் தெளிவாகவே இருக்கிறது. ஓனரின் எழுத்துபூர்வமான முன்அனுமதி இல்லாமல் வீட்டையோ, அதில் ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால், காலி செய்யச் சொல்ல அதுவே போதுமான காரணம். அனுமதி வாங்கி விட்டால், வாடகை அதிகாரிக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆக, உள்வாடகை சட்டவிரோதம் இல்லை. பேப்பர் இல்லாத உள்வாடகைதான் சட்டவிரோதம். 'பார்த்துக்கலாம்' என்பது பேப்பர் இல்லை சார்!

ஒரு பழைய கதை சொல்கிறேன். வெள்ளைக்காரன் 1882-ல் போட்ட சொத்து மாற்றுச் சட்டம் இந்த விஷயத்தில் தலைகீழ். ஒப்பந்தத்திலோ ஊர் வழக்கத்திலோ தடை இல்லாவிட்டால், குத்தகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விடலாம் என்கிறது. ஆனால், அப்படி விட்டதனாலேயே ஓனருக்குத் தரவேண்டிய பொறுப்பிலிருந்து அவர் தப்பிக்க முடியாது. நியாயமான ஏற்பாடு.

அதை மாற்றியது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1960-ம் வருடச் சட்டத்தில், ஓனர் எழுதிக் கொடுக்காமல் உள்வாடகைக்கு விட்டால் வெளியேற்றலாம் என்று வந்தது. அன்றைக்கு அதில் அர்த்தம் இருந்தது. நியாய வாடகை என்று அரசாங்கம் ஒரு கடிவாளம் போட்டிருந்தது. வாடகைதாரர் அந்தக் குறைந்த வாடகையை ஓனருக்குக் கட்டிவிட்டு, அதே இடத்தை இன்னொருவருக்குப் பல மடங்குக்கு விட்டுக் காசு பார்க்க முடியும். சொந்தக்காரர் வேடிக்கை பார்க்கவேண்டும். கோபம் வராதா? வரும்.

இன்றைக்கு அந்தச் சட்டம் இல்லை. வாடகை என்பது இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்வது. கடிவாளம் போய்விட்டது, கோபம் மட்டும் பரம்பரைச் சொத்தாக வந்துகொண்டிருக்கிறது. ஏன்?

பணம் இல்லை காரணம். ஆள்தான் காரணம். உள்ளே படுப்பவன் யார் என்று பார்க்கவேண்டும். என்ன சாப்பிடுவான், எந்த ஊர், எந்த 'ஆளுங்க'. டு-லெட் போர்டில் எழுத முடியாததை எல்லாம் புரோக்கரிடம் காதோடு காதாகச் சொல்லியாகிவிட்டது. எழுதி அனுமதி கொடுத்துவிட்டால் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடும். வாயால் சொன்னால், பிடிக்காத அன்றைக்கு 'நான் எப்ப சொன்னேன்?' என்று கேட்கலாம். சில ஓனர்களுக்கு இந்த வசதி மாத வாடகையைவிடப் பெரிது.

வாடகைதாரர்களை நான் தியாகிகள் ஆக்கவில்லை. முழு வீட்டின் வாடகையையும் இரண்டு பையன்களின் தலையில் கட்டிவிட்டு ஓசியில் இருக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. பையன்களிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போன மகான்களும் உண்டு. 'உள்வாடகை எல்லாம் இல்ல சார், ஷேரிங்தான்' என்று பெயர் மாற்றிச் சொல்வதில் இவர்கள் டாக்டர் பட்டமே வாங்கலாம்.

பெயரில் ஒன்றும் இல்லை. டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டல். அதற்குள் சில அறைகளை வைத்துக்கொண்டு ஒருவர் முடி அலங்கார நிலையம் நடத்தினார். பத்திரத்தின் தலைப்பு 'லைசென்ஸ்'. 1959-ல் உச்ச நீதிமன்றம், தலைப்பைப் பார்க்காதே, இடம் யாருடைய முழு அனுபவத்தில் இருக்கிறது என்று பார் என்று சொல்லி, அது குத்தகைதான் என்று தீர்த்தது. இன்றும் கோர்ட் இதைத்தான் தோண்டுகிறது. ஊரிலிருந்து வந்த தங்கை மூன்று மாதம் தங்கினால் அது உள்வாடகை ஆகாது. ஒரு ரூமைத் தனியாகப் பூட்டிக்கொள்ளும் உரிமையோடு கொடுத்து, மாதாமாதம் காசும் வாங்கினால், ஷேரிங் என்று சொன்னாலும் சரி, கெஸ்ட் என்று சொன்னாலும் சரி, வம்பு வாசலில் நிற்கிறது.

அந்த வம்பில் முதலில் அடிபடுபவன் யார் தெரியுமா? இவர்கள் இரண்டு பேருமே இல்லை. அந்த ரூமில் பாயை விரித்துப் படுத்திருக்கும் மூன்றாவது ஆள். காலி செய்யச் சொல்லி ஓனர் வழக்குப் போட்டால், அனுமதி இல்லாமல் உள்ளே வந்த இவனைக் கட்சிக்காரனாகச் சேர்க்கவேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது. ஆனால் தீர்ப்பு இவனையும் சேர்த்தே வெளியே தள்ளும். வழக்கு நடப்பதே தெரியாமல் ஒருநாள் சூட்கேஸோடு தெருவில் நிற்பான். கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது இல்லை. அந்த வீட்டில் இருந்தான் என்பதற்கே அத்தாட்சி இல்லை. மாதம் தவறாமல் பணம் கட்டியவன் கள்ளக் குடியேறி மாதிரி மாடிப்படியில் பதுங்கிப் பதுங்கிப் போகவேண்டும். யாராவது கேட்டால் 'அண்ணனோட ஃப்ரெண்ட்' என்று பொய் சொல்லவேண்டும். என்ன நியாயம் இது?

வருமான வரிக்காரர்கூட இவ்வளவு பயமுறுத்துவதில்லை. நம் வேளச்சேரிக்காரருக்கு வரும் பத்தாயிரம் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் போகும். அவர் வீட்டின் சொந்தக்காரர் இல்லை என்பதால் வீட்டு வருமானக் கணக்கில் வராது. அந்த ரூமுக்காகத் தான் கட்டும் வாடகையைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். கழித்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் நிற்காது. அந்தப் பையனும் பழைய வரி முறையில் இருந்து, சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி வாங்கினால், ரசீதைக் காட்டிச் சலுகை கேட்கலாம். எல்லாம் வெளிச்சத்தில் நடக்கக்கூடிய விவகாரம். நாம்தான் இருட்டில் வைத்து நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, அடுத்த அக்ரிமென்ட்டில் அந்த வரிக்கு முன்னால் 'உரிமையாளரின் எழுத்துபூர்வமான முன்அனுமதி இல்லாமல்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். டைப் அடிப்பவருக்கு அரை நிமிட வேலை. ஆள் வரும்போது யார், எந்த ரூம், எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதி, ஓனரிடம் கையெழுத்துக் கேளுங்கள். வாடகை அதிகாரிக்குத் தெரிவியுங்கள். பையனிடமும் ஒரு காப்பி கொடுங்கள்.

''கையெழுத்து வேணும்னா வாடகையில ரெண்டாயிரம் ஏத்திக் குடு'' என்று ஓனர் கேட்பாரே என்கிறீர்களா? கேட்கட்டும். அதையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.