கிருஷ்ணகிரி வரை சூரியன்

ஓசூரில் டவுன் பஸ் ஏறி வடக்கே போனால் ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. நடுவில் எங்கேயோ தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் ஆரம்பித்துவிடுகிறது. ரோட்டில் கோடு கிழித்து வைக்கவில்லை. கடை போர்டில் எழுத்து மாறுவதையும், பெட்ரோல் விலை மாறுவதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செல்போனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. எல்லையோரத் தெருக்களில் கட்டிலில் படுத்திருக்கும்போதே 'கர்நாடகம் உங்களை வரவேற்கிறது' என்று மெஸேஜ் வரும். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் புரண்டு படுத்ததற்கெல்லாம் பில் கட்டியவர்கள் உண்டு. கவனியுங்கள், தமிழ்நாட்டு டவரின் சிக்னல் அங்கே தீர்ந்துபோய்விடவில்லை. பக்கத்து மாநில டவர் கொஞ்சம் உரக்கப் பேசுகிறது, அவ்வளவுதான்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சூரியனின் ஈர்ப்பு விசை எந்த இடத்தில் ஸார் முடிகிறது?"

முடிவதே இல்லை. நியூட்டன் சொன்ன கணக்குப்படி தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்கு. பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. தேய்ந்துகொண்டே போகும், பூஜ்யம் மட்டும் ஆகாது. ஆனால் செல்போன் கதைதான் இங்கேயும். ஒரு தூரத்துக்கு மேல் மற்ற நட்சத்திரங்களும், பால்வீதி மண்டலத்தின் மொத்த எடையும் சூரியனைவிட உரக்கப் பேச ஆரம்பித்துவிடும். அதுதான் சூரியனின் ஜூஜுவாடி.

அது எவ்வளவு தூரம்? கோடி கிலோமீட்டரில் சொன்னால் பட்ஜெட் உரை மாதிரி யாருக்கும் மனசில் நிற்காது. சின்னதாக்கிப் பார்க்கலாம்.

* * *

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு கொண்டைக்கடலையை வையுங்கள். அதுதான் சூரியன். பூமி அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு தூசு. (நிஜத்தில் அந்த ஒரு மீட்டர், 15 கோடி கிலோமீட்டர்.) நெப்டியூன் கிரகம் 30 மீட்டரில், எதிர்ச்சாரி டீக்கடையில் முடிந்துபோகிறது. பள்ளிக்கூடப் படங்களில் சூரிய குடும்பம் இத்தோடு சரி. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் அரை நூற்றாண்டு ஓடி இன்னும் 170 மீட்டரில்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரவே சிரமப்படும் நம் ஊர் பஸ் மாதிரி.

இனிமேல்தான் விஷயம். ஊருக்கு வெளியே இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் பனிக்கட்டிகள் ஆரம்பிக்கின்றன. சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி, தர்மபுரி வரை, நாலாப் பக்கமும், மேலும் கீழும் கோளமாக, ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளித் தள்ளி மிதக்கின்றன. லட்சம் கோடி இருக்கலாம் என்பது மதிப்பீடு. இந்தக் கூட்டத்துக்கு ஊர்ட் மேகம் என்று பெயர். அடுத்த நட்சத்திரம் பிராக்ஸிமா இதே கணக்கில் கரூர் பக்கம் இருக்கிறது.

ஆக, பஸ் ஸ்டாண்டில் இருக்கும் ஒரு கொண்டைக்கடலை, கிருஷ்ணகிரியில் இருக்கும் ஒரு துகளைப் பிடித்து வைத்திருக்கிறது. பூமியிடம் காட்டும் இழுப்பில் 250 கோடியில் ஒரு பங்குதான் அங்கே. அங்கிருந்து பார்த்தால் சூரியன், நமக்கு சுக்கிரன் தெரிவதைவிடக் கொஞ்சம் மங்கலான ஒரு நட்சத்திரம். திடீரென்று சூரியன் அணைந்துபோனால் தகவல் அங்கே போய்ச் சேர ஒன்பதரை மாதம் ஆகும்.

* * *

இந்த மேகத்தை இன்றுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. பிறகு எப்படித் தெரியும்?

யான் ஊர்ட் என்ற டச்சுக்காரர் 1950-ல் செய்தது ஒரு நல்ல ஆடிட்டரின் வேலை. வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் ஐஸ் உருகித் தேய்கிறது. போகிற வழியில் வியாழன் கிரகம் வேறு அதன் பாதையை மாற்றிவிடுகிறது. சூரிய குடும்பத்தின் வயது 450 கோடி வருடத்துக்கு மேல். கையிருப்பு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் புதுச்சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் எங்கேயோ ஒரு குடோன் இருக்க வேண்டுமே!

பாதை துல்லியமாகக் கணக்கிடப்பட்ட 19 வால்நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு, எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பார்த்தார். பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே தூரத்தைக் கைகாட்டின. நம் மேப்பில் கிருஷ்ணகிரி, அதற்கும் அப்பால். பில்லை வைத்தே குடோனின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார் மனிதர். எஸ்தோனியாவின் எர்ன்ஸ்ட் எப்பிக் 1932-லேயே இதை ஒட்டி யோசித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அங்கே சும்மா இருக்கும் கட்டி இங்கே ஏன் விழுகிறது? யாரோ பிடித்து இழுக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அதுதான் இல்லை. சூரியன் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. விழாமல் காப்பாற்றுவது பக்கவாட்டு வேகம். பூமியும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நொடிக்கு 30 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுவதால் சூரியனைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறது.

கிருஷ்ணகிரிக் கட்டிக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். மணிக்கு 480 கிலோமீட்டர் போதும், வட்டப் பாதையில் நிம்மதியாகச் சுற்றலாம். நம் விமானத்தைவிடக் குறைவு. அந்த வேகம் 16 கிலோமீட்டராகக் குறைந்தால் நெப்டியூன் தூரம் வரை வந்து திரும்பிவிடும். நம் கண்ணில் படாது. 3 கிலோமீட்டராகக் குறைந்தால் பூமி இருக்கும் தூரம் வரை வந்துவிடும். மூன்று கிலோமீட்டர் என்பது, சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் கேன்டீனிலிருந்து ஸீட்டுக்குத் திரும்பும் வேகம்.

ஒரு சைக்கிளின் வேகத்துக்கும் மேனேஜர் நடைக்கும் உள்ள வித்தியாசம்தான், ஒரு கட்டி கண்காணாமல் கிடப்பதற்கும் ராஜாக்களைத் தூக்கமில்லாமல் அடித்த தூமகேது ஆவதற்கும் நடுவில் இருப்பது. அந்தச் சின்னத் தட்டைக் கொடுப்பது பால்வீதி மண்டலத்தின் எடை, அல்லது வழியோடு போகும் ஒரு நட்சத்திரம்.

வழியோடு போவார்களா? போவார்கள். ஷோல்ஸ் நட்சத்திரம் என்ற மங்கலான சிவப்பு ஆசாமி சுமார் 70,000 வருடம் முன்பு நம் மேப்பில் கிருஷ்ணகிரி வரை வந்து போயிருக்கிறது. பெரிய சேதம் இல்லை. க்ளீஸ 710 என்று ஒன்று இன்னும் சுமார் 13 லட்சம் வருடத்தில் ஓசூருக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டரில் வரப்போகிறது. அவசரமாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டாம்.

தட்டு வாங்கிய கட்டி, கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய 20 லட்சம் வருடம் எடுத்துக்கொள்கிறது. மேனேஜர் வேகத்தில் கிளம்பியது, பூமியின் தூரத்துக்கு வரும்போது நொடிக்கு 42 கிலோமீட்டரில் பறக்கும். ஓசூரிலிருந்து நிஜமான கிருஷ்ணகிரிக்கு ஒரு நொடியும் கொஞ்சமும்.

இன்னொன்று. இந்தக் கட்டிகள் எல்லையில் பிறந்தவை அல்ல. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் பக்கத்தில் பிறந்து, அந்தப் பெரிய கிரகங்களால் வெளியே விரட்டப்பட்டவை. நிறைய பேர் திரும்பி வராமலே போய்விட்டார்கள். அரைகுறை வேகத்தில் விரட்டப்பட்டவர்கள் எல்லையில் தங்கிவிட்டார்கள். சொந்த ஊரில் வழியில்லாமல் புறப்பட்டு, பெங்களூரும் கட்டுப்படியாகாமல், ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரம்மச்சாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

* * *

வால்நட்சத்திரம் என்றால் நமக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். வேணு பாப்பு, 1927-ல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் படிக்கப் போன இடத்தில், 1949 ஜூலையில், தான் எடுத்த போட்டோ தட்டில் ஒரு புது வால்நட்சத்திரத்தைப் பிடித்தார். அப்போது வயது 21. பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் நியூகர்க் பெயரோடு சேர்த்து அதற்கு 'பாப்பு-போக்-நியூகர்க்' என்று பெயர். அது சூரியனை ஒரு தடவை சுற்ற சுமார் 60,000 வருடம் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் ஊர்ட் தன் குடோனைக் கண்டுபிடித்தார்.

பாப்பு அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. திரும்பி வந்து, நல்ல இருட்டான ஓர் இடம் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். வாணியம்பாடிப் பக்கம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு பகல் பயணம். 1968-ல் சின்னத் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பித்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. பிறகு இந்தியாவிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி செய்யக் கிளம்பினார். அது 1986-ல் திறக்கப்பட்டது. அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பாப்பு அதில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 1982-லேயே ம்யூனிக்கில் இறந்துபோனார்.

அவர் தேடியது இருட்டை. அந்த இருட்டுதான் இப்போது பிரச்னை. ஊர்கள் வளர்கின்றன. நாலு வழிச்சாலை, காம்பவுண்ட் சுவர், ஃப்ளட் லைட். பாக்டரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் சோறு அங்கேதான் இருக்கிறது. ஆனால் தரைக்குப் போட வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் மீட்டர் ஓடுகிறது. விளக்குக்கு மேல் ஒரு தகர மூடி போட்டு, முகத்தைக் கீழே திருப்பினால் தீர்ந்தது. லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி இருட்டுக்கென்றே ஒரு பாதுகாப்புப் பகுதியை 2022-ல் அறிவித்திருக்கிறார்கள். அங்கே உள்ள தொலைநோக்கியை பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்து இயக்குகிறார்கள். இருட்டைத் தேடி லடாக் வரை போக முடிந்த நமக்கு, ஜவ்வாது மலையின் இருட்டைக் காப்பாற்ற ஒரு தகர மூடி பெரிய செலவில்லை.

2024 செப்டம்பர் கடைசியில் ஊர்ட் மேகத்திலிருந்து ஒன்று வந்தது. சூசின்ஷான்-அட்லஸ் என்று வாயில் நுழையாத பெயர். வழியிலேயே உடைந்து போகும் என்று ஜூலையில் ஒரு நிபுணர் கணித்திருந்தார். உடையவில்லை. செப்டம்பர் 27-ல் சூரியனைச் சுற்றிக்கொண்டு, விடியற்காலையில் கிழக்கே தொடுவானத்துக்கு மேல் வாலோடு நின்றது. பெங்களூரிலிருந்து போட்டோ எடுத்தார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் போதும். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் செல்போன். அது இனி வந்தால் பல்லாயிரம் வருடம் கழித்துதான். வராமலே போகவும் இடமுண்டு.

அடுத்தது ஒன்று இந்நேரம் எங்கேயோ புறப்பட்டு வந்துகொண்டிருக்கும். 20 லட்சம் வருடமாக நடந்து வரும் விருந்தாளி. வாசல் விளக்கைப் போட்டு வரவேற்பதுதான் நம் வழக்கம். இவருக்கு மட்டும் அணைத்து வைக்க வேண்டும்.