பிள்ளை பேசாத ஆய்வேடுகள்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் என் மேசைமீது ஒரு தாள்கட்டு வந்து அமரும். எங்கள் கல்லூரியில் மழலையர் கல்வி பயிலும் மாணவியர் தேர்வுக்கு முன் ஆளுக்கோர் ஆய்வேடு எழுதித் தரவேண்டும். தமிழ்வழி பயில்வோர் ஆதலின், பிழை நீக்கித் தருமாறு தமிழ்த்துறைக்கு அனுப்புவார்கள். அத்துறையில் மறுக்கத் தெரியாதவன் நான் ஒருவனே என்பதால் அக்கட்டு என்னிடம் வந்து சேரும். குழந்தைக் கல்வி என் துறையன்று. முதுகலையில் நான் படித்தது இலக்கியம். ஆயினும் பல ஆண்டுகள் இந்த ஏடுகளைப் படித்ததில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த பிழையொன்றைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, அங்கன்வாடி ஒன்றில் நான்கு வயதுக் குழந்தைகளோடு சில வாரங்கள் இருந்து எழுதிய ஏட்டைக் கொடுத்திருந்தார். மின்சாரம் நின்றபோது ஒரு சிறுவன் மேலே பார்த்து, ‘ஃபேன் தூங்கிடுச்சு’ என்றதாக அதில் ஒரு குறிப்பு. நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, ‘மின்விசிறி நின்றுவிட்டது’ என்று திருத்தினேன். இன்னோரிடத்தில் ‘அம்மா வந்துச்சு, அப்பறம் போய்டுச்சு’ என்றிருந்தது. அதை ‘அம்மா வந்தார்; பின்னர்ச் சென்றுவிட்டார்’ ஆக்கினேன். வல்லெழுத்தை மறவாமல் மிகவைத்ததில் எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அம்மாணவி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, ‘ஐயா, நீங்க திருத்துனது சரிதாங்கய்யா. ஆனா அந்தப் பையன் அப்படிச் சொல்லலீங்களே’ என்றார்.

அந்த ஏட்டில் உருப்படியாக இருந்தது அந்த ஒரு தொடர்தான். அதைத்தான் நான் அழித்திருந்தேன் என்பது பின்னரே எனக்குப் புரிந்தது. உயிரற்ற பொருள்களுக்கும் உயிரும் எண்ணமும் இருப்பதாகக் குழந்தைகள் கருதுவதை ழான் பியாஜே 1926இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நத்தைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற மனிதர் அவர். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சீர்ப்படுத்தும் வேலை அவருக்குத் தரப்பட்டது. சரியான விடைகளை எண்ணிச் சொல்வதே வேலை. அவரோ தவறான விடைகளில் மனம் செலுத்தினார். ஒரே வயதுக் குழந்தைகள் ஏன் ஒரே வகையாகத் தவறு செய்கிறார்கள் என்ற கேள்வியில்தான் அவருடைய வாழ்நாள் ஆய்வு தொடங்கியது. அந்தச் சோதனைத் தாள்களை என்னைப் போன்ற ஒருவர் முன்கூட்டித் திருத்தி வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

என் பிழை ஒருபுறம் இருக்க, மற்ற ஏடுகளில் திருத்துவதற்குக்கூடக் குழந்தையின் பேச்சு இருப்பதில்லை. ஐந்து இயல்கள், கருதுகோள்கள், ஐம்பது தாய்மாரிடம் கொடுத்து வாங்கிய வினாநிரல், விழுக்காட்டு அட்டவணை, ‘பெற்றோர் விழிப்புணர்வு பெறவேண்டும்’ என்னும் பரிந்துரை. தலைப்பை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். குழந்தையைப் பற்றித் தாய் பேசுகிறார், ஆசிரியை பேசுகிறார், நெறியாளர் பேசுகிறார், மேற்கோள் நூல்கள் பேசுகின்றன. குழந்தை மட்டும் வாய் திறப்பதில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வரும். காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். அவற்றை மூன்றாம் திங்கள் தொடங்கி ஒற்றைப்படைத் திங்கள்களில் வைத்துப் பாடச் சொல்வன பாட்டியல் நூல்கள். முதலில் யாரோ ஒருவர் பிள்ளையைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்தைப் பாராமல் வகுத்திருக்க இயலாது. ஆனால் வகுத்த பிறகு, பார்ப்பது தேவையற்றுப் போயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பிள்ளையாக்கிப் பாடிய காலத்திலிருந்து எத்தனையோ பிள்ளைத்தமிழ்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் பிள்ளையை நோக்கித்தான் பேசுகிறார்கள். பிள்ளை மறுமொழி சொல்வதில்லை. இலக்கியமாக அது எனக்கு உவப்பானதே. ஆய்வேடும் அவ்வாறே அமைவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆய்வு செய்யக் கற்பது என்பது இந்த மாணவியருக்கு முதலில் வேறொன்றாக இருக்கவேண்டும் என்று கருதுகிறேன். ஒரு குழந்தையைப் பார்ப்பதும், பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும் எழுதுவதுமே அது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியும் மருத்துவம் படித்தவர்; உற்றுநோக்கலையே ஆசிரியரின் முதற்பயிற்சியாகக் கொண்டவர். அவருக்கு முன்பே டார்வின், 1839இல் பிறந்த தம் தலைமகனைப் பற்றி நாட்குறிப்பு எழுதிவந்தார். அதை அவர் கட்டுரையாக வெளியிட்டது 1877இல். சரியாக ஒரு வயதில் அக்குழந்தை உணவுக்கு ‘மம்’ என்றொரு சொல்லைத் தானாகவே உண்டாக்கிக்கொண்டதாம். அச்சொல்லின் இறுதியில் கேள்விக் குரல் ஒலித்ததைக்கூட அவர் குறித்திருக்கிறார். நம் வீட்டு ‘மம்ம’த்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். நம்மில் எத்தனை பேர் அது எந்த மாதத்தில், எந்தக் குரலில் வந்தது என்று எழுதிவைத்தோம்? என் மகள் முதலில் சொன்ன சொல் எதுவென்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

எழுதுவது எளிதன்று. ‘அவன் பிடிவாதக்காரன்’ என்று ஒரு மாணவி எழுதுகிறார். அது பார்த்ததன்று, முடிவு கட்டியது. ‘மணி அடித்தபின்னும் தட்டை நகர்த்தவில்லை, மூன்று முறை அழைத்தும் திரும்பவில்லை, பருக்கைகளை ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தான்’ என்று எழுதினால், பிடிவாதமா கவனமா என்பதைப் படிப்பவர் எண்ணிப்பார்க்க இடமிருக்கிறது. தாளை இரண்டாகப் பகுத்து, இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் தோன்றியதையும் எழுதச் சொல்லலாம். முதல் வாரம் வலப்பக்கம் நிரம்பி வழியும். நாள் செல்லச் செல்ல இடப்பக்கம் வளரும். அந்த வளர்ச்சியே கல்வி.

கேட்பதிலும் சிக்கல் உண்டு. இரு வரிசையில் சமமாகக் காசுகளை அடுக்கிக் காட்டி, பின் ஒரு வரிசையைப் பரப்பி வைத்து ‘இப்போது எதில் அதிகம்?’ என்றால், சிறு குழந்தைகள் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள் என்பது பியாஜே கண்டது. மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் வெளியிட்ட நூலில் இதன் மாற்றுவடிவம் ஒன்று பேசப்படுகிறது. அதில் வரிசையைக் கலைப்பது பெரியவரின் கையன்று, ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. அப்போது மிகப் பல குழந்தைகள் இரண்டும் சமம் என்றே சொல்லிவிட்டார்கள். பெரியவர் தாமே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் போலும் என்று குழந்தை கருதிவிடக்கூடும். ‘டீச்சர்’ இரண்டாம் முறை கேட்டால் முதல் விடை தவறு என்பது நம் ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேலை கட்டிக் கையில் குறிப்பேட்டோடு வந்து நிற்கும் மாணவி தாமும் அச்சோதனையின் ஒரு பகுதி என்பதை, எந்த வினாநிரல் அவருக்குக் கற்றுத் தரும்?

கல்வித்துறை நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. ஒரு குழந்தையைப் பார்த்து எழுதுவது கதை, ஆய்வாகாது என்றார். எண்ணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாள்முதல் அங்கன்வாடிகளில் குழந்தையின் எடையைக் குறித்து வருகிறார்கள். அந்த எண்களால் நோஞ்சான் குழந்தை அடையாளம் காணப்படுகிறது, கூடுதல் சத்துணவு பெறுகிறது. எண்களின் பயன் அது. ஆனால் இருபது வயது மாணவி மூன்று மாதத்தில் திரட்டும் ஐம்பது வினாநிரல்களால், அதில் பாதியைத் தாய்மாருக்குப் பதிலாக அவரே நிரப்பியிருக்கும் நிலையில் (இது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்), எந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்துவிடும்? அவர் கற்றுக்கொள்வது ஆய்வையன்று, ஆய்வின் தோற்றத்தை. நாளை அவர் நடத்தப்போவது அட்டவணையையன்று, பேசும் முப்பது பிள்ளைகளை.

தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. தொல்காப்பியர் செய்யுளோடு உலக வழக்கையும் நோக்கி நூல் செய்தார் என்பதைச் சிறப்புப்பாயிரம் கொண்டு வகுப்பில் நடத்துகிறோம். வழக்கு நம் மேசைக்கே வந்தால் சிவப்பு மையை எடுக்கிறோம். ஆய்வாளரின் நடையைத் திருத்தலாம், திருத்தவேண்டும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் குழந்தையின் பேச்சைத் தொடும் உரிமை நமக்கில்லை.

அந்த ஏட்டை அன்றே திரும்ப வாங்கி, என் திருத்தங்களின் பக்கத்தில் ‘பழையபடியே இருக்கட்டும்’ என்று எழுதினேன். சில இடங்களில் மை அழுந்தப் படிந்திருந்ததால் பழைய தொடரைப் படிக்கவே இயலவில்லை. களக்குறிப்பேட்டிலும் அவை இல்லை. அவர் நேரே ஏட்டிலேயே எழுதியிருந்தார். நினைவிலிருந்து எழுதிவிடலாமே என்றேன். ‘வேணாங்கய்யா, இப்ப எழுதினா அது நான் சொன்னதா ஆயிடும்’ என்று அந்த இடங்களில் வெற்றுக்கோடு போட்டுக்கொண்டு போனார். வாய்மொழித் தேர்வில், கோடுகள் ஏன் என்று கேட்டுவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். காரணம் நான்தான் என்று அவர் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஏட்டோடு களக்குறிப்பேட்டையும் கேட்டு வாங்கி ஒப்பிட்ட பிறகே பேனாவை எடுக்கிறேன். பாடத்திட்டக் குழு அடுத்து கூடும்போது, வினாநிரல் வகுப்பைத் தொடங்குமுன் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரே குழந்தையோடு இருபது மணி நேரம் ஒதுக்குமாறு கேட்க இருக்கிறேன். பெற்றோரின் இசைவைப் பெற்று, குழந்தையின் பெயரை மாற்றி எழுதவேண்டும். அது வராதே என்று திரும்பிக்கொண்டால் அன்றைக்கு விலகிவிடவேண்டும். என் துறையன்று என்று சொல்வார்கள். சொல்லட்டும்.