78இல் சுழலுமா?

பத்தாயிரம் வெள்ளிக்கு ஒரு டர்ன்டேபிள் வாங்கினால், தானாகச் சத்தம் போடாத ஒரு பொருளைப் பத்தாயிரம் வெள்ளிக்கு வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் தனி. விலை ஏற ஏற ஊசியைக்கூடத் தனியாகத்தான் வாங்க வேண்டும். தட்டு சுற்றும், அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்கு முப்பத்து நான்கு வயது. வங்கியில் வேலை, பொங்கோலில் நான்கறை வீடு, ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. போனஸில் ஒதுக்கிய ஒன்பதாயிரம் வெள்ளிக்கு டர்ன்டேபிள் வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும் அக்கா எனக்கு ஃபோன் போட்டார். "பாட்டுதான் போன்லயே வருதே. இதுக்குப் போயி ஒன்பதாயிரமா? நீ சொன்னா கேப்பான்." வேண்டாம் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது நியாயமான கேள்வி.

இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம் ஏறக்குறைய ஒரு தலைமுடி அகலம்தான். அதன் சுவர்களில் உள்ள நெளிவுகளை ஊசி தடவிக்கொண்டு போகும்போது பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது. சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜில் நான்கைந்து மில்லிவோல்ட். விலை உயர்ந்த மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. இதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கித்தான் நாம் கேட்கிறோம். மோட்டாரின் அதிர்வு, அறையில் யாரோ நடக்கும் அதிர்வு, ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் அதிர்வு எல்லாமே பாட்டோடு சேர்ந்து பெருகிவிடும். அதனால் நல்ல டர்ன்டேபிளின் வேலை, வேகம் மாறாமல் சுற்றுவது, தன் அதிர்வை ஊசிக்குச் சொல்லாமல் இருப்பது, ஊசியைப் பள்ளத்தில் ஆடாமல் பிடிப்பது.

இதை எப்படிச் செய்வது என்பதில்தான் கம்பெனிகள் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. 1972 முதல் இன்றுவரை ஸ்காட்லாந்தில் தயாராகும் லின் சோன்டெக் எல்பி12, சுழல்தட்டையும் ஊசிக் கையையும் ஸ்பிரிங்குகளில் மிதக்க விடுகிறது. இங்கிலாந்தின் ரேகா, அடிப்பலகை எடை குறைந்து விறைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. கனம்தான் அதிர்வுக்கு மருந்து என்று பத்திருபது கிலோ உலோகத்தைக் குவிப்பவர்கள் இன்னொரு பக்கம். பெல்ட்டே வேண்டாம், மோட்டாரின் அச்சிலேயே தட்டை வைத்துவிடலாம் என்று 1970இல் எஸ்பி-10ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் டெக்னிக்ஸ். எல்லா வழியிலும் நல்ல ஒலி வருகிறது. எந்தக் கொள்கை சரி என்று கடையில் நின்று வாதாடுவது நேர விரயம்.

வேகத்தைச் சோதிக்க நம்மிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது: தம்புரா. கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடம் ஹை-ஃபை கடைகளுக்குப் பேர்போனது. இதுபோன்ற கடைகளில் உட்கார்ந்தால் வழவழவென்று ஒரு ஜாஸ் தட்டைத்தான் பெரும்பாலும் போட்டுக் காட்டுவார்கள். கடைக்காரர் எடுத்து வைக்கும் தட்டில் எந்த டர்ன்டேபிளும் நன்றாகத்தான் பாடும். நீங்கள் ஒரு கர்நாடக இசைத்தட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புராவை மட்டும் கவனியுங்கள். சுருதி இம்மியளவு ஏறி இறங்கினாலும் நம் காது கண்டுபிடித்துவிடும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையிலும் இப்படித்தான்.

தம்புரா ஆடினால் உடனே டர்ன்டேபிளைக் குறை சொல்லிவிட வேண்டாம். அந்தக் காலத் தட்டுகளில் நடுத்துளை சற்றுத் தள்ளி விழுந்தவை நிறைய. துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டரில் ஓடும் ஊசிக்கு வேகம் அரை விழுக்காடு கூடிக் குறையும். எல்பி தட்டில் இந்த ஆட்டம் 1.8 விநாடிக்கு ஒருமுறை வரும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி தன்னுடைய வேக ஆட்டமாகச் சொல்வது 0.025 விழுக்காடு. ஒரு கோணல் துளை அந்த நுட்பத்தையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். 1980களின் தொடக்கத்தில் நாகமிச்சி செய்த டிஎக்ஸ்-1000 தட்டின் உண்மையான மையத்தைத் தானே கண்டுபிடித்து நகர்த்திக்கொள்ளும். அது இன்று சேகரிப்பாளர்களின் கனவு. நம் பட்ஜெட்டில் பேச வேண்டியதில்லை.

பழைய டர்ன்டேபிளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பியே ஓடும் பழைய ஏசி மோட்டாரை அங்கிருந்து கொண்டுவந்து இங்கே சொருகினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது சரியாகாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். சில வகைகளில் மோட்டாரின் சிறு உருளையை மாற்றினால் போதும். அது கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் புதியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

மருமகன் ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். ஐரோப்பிய பெல்ட் டிரைவ். பார்க்க அழகு, கேட்கவும் குறை சொல்ல முடியாது. ஆர்டர் கொடுத்தால் வந்து சேர நான்கு மாதம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "78இல் சுழலுமா?"

"33, 45 மட்டும்தான் மாமா. 78 எல்லாம் இப்ப யாரு கேக்குறா? அந்தப் பாட்டெல்லாம் யூடியூப்லயே இருக்கு."

"என்ன பாட்டுன்னு தெரிஞ்சாத்தானே தேடுவே?"

விஷயம் இதுதான். அவன் வீட்டில் என் அப்பா விட்டுப்போன பெட்டி இருக்கிறது. சிராங்கூன் சாலைக் கடைகளில் சம்பள நாளன்று அப்பா வாங்கியவை. நாற்பத்தொரு எல்பி, கொஞ்சம் 45கள், இருபத்திரண்டு 78கள். இந்தியாவில் 1960களில்கூட 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அதனால் நம் குடும்பங்களின் பெட்டிகளில் அவை இருப்பது ஆச்சரியமில்லை. அப்பாவின் 78களில் பெரும்பாலானவற்றுக்கு லேபிள் பூஞ்சணம் பிடித்து உரிந்துபோய்விட்டது. தட்டில் பொறித்த எண்ணை வைத்து ஐந்தை மருமகன் அடையாளம் கண்டுபிடித்தான். மற்றவை பாகவதரா, கிட்டப்பாவா, கே.பி. சுந்தராம்பாளா, யாரென்று எங்களுக்குத் தெரியாது. கேட்டதும் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், என் அம்மா. வயது எண்பத்தேழு. இடது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. வலது காதும் மாதாமாதம் மங்கிக்கொண்டு வருகிறது. நான்கு மாதக் காத்திருப்பு என்பது அவருக்கும் நமக்கும் ஒன்றல்ல.

விலை கூடிய டர்ன்டேபிள்களில் பல 78இல் சுழலாது. எல்பி12, ரேகாவின் பிளேனார் 10 இரண்டும் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1950களின் கேரார்ட் 301, தோரன்ஸ் டிடி 124 இரண்டிலும் 78 உண்டு. பழுதுபார்த்து மெருகேற்றிய நிலையில் அவற்றுக்கு இன்று பெரிய விலை. இயந்திரம் பிடித்தவர்களுக்கு அவை சொர்க்கம். கைக்குழந்தையோடு இருப்பவனுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்க நேரமேது? டெக்னிக்ஸ் எஸ்எல்-1200இன் இன்றைய வகைகள் மூன்று வேகத்திலும் சுழலும். அந்தக் குடும்பத்தின் குறைந்த விலை எம்கே7 நமக்குப் பக்கத்தில், மலேசியாவில்தான் தயாராகிறது.

வேகம் இருந்தால் மட்டும் போதாது, ஊசியும் வேண்டும். எல்பிக்கான ஊசிமுனை சுமார் 18 மைக்ரான், 78க்கு வேண்டியது 75. எல்பி ஊசியை 78இல் வைத்தால் அகலமான வாய்க்காலில் குச்சி போட்ட மாதிரி அடியில் கிடந்து தூசியைக் கிளறும். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம், 78க்கான ஊசியும் அதற்குக் கிடைக்கிறது. விலை உயர்ந்த மூவிங் காயில் வகைகளில் ஊசியை நாமே மாற்ற வழியில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் விரல் ஒருமுறை பட்டால் கதை முடிந்தது. குழந்தை என்றதும் இன்னொன்று: உயர்விலை டர்ன்டேபிள்கள் பலவற்றுக்கு மூடியே கிடையாது. படத்தில் பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். வீவக வீட்டில் சன்னலைத் திறந்து வைத்துக் குடியிருப்பவர்கள் மூடியில்லாமல் வாங்காதீர்கள்.

எல்பிகளிலும் ஒரு சங்கதி உண்டு. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்றால் முதலில் சொல்லப்படுவது 1978இல் வந்த ‘பிரியா’. சிங்கப்பூரில் படமெடுத்த அதே ரஜினி படம்தான். அப்பாவின் பெட்டியில் உள்ள பாடல் தட்டுகள், ‘திருவிளையாடல்’ கதை வசனம் எல்லாம் அதற்கு முந்தியவை, மோனோ. மோனோ தட்டில் பாட்டு முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் தேய்மானமும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். டெனான் டிஎல்-102 போன்ற மோனோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவைக் கண்டுகொள்ளாது. கரகரப்பு பாதிக்குப் பாதி அடங்கிப் பாடகர் நேராக முன்னால் வந்து நிற்பார். பல ஆயிரம் வெள்ளி ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் செய்ய முடியாததைச் சில நூறு வெள்ளியில் இது செய்கிறது என்பது என் காதின் தீர்ப்பு. ஊசிக் கையின் முனையிலுள்ள ஹெட்ஷெல்லைக் கழற்ற முடிந்தால், மோனோ ஒன்று, ஸ்டீரியோ ஒன்று என்று தயாராக வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். டெக்னிக்ஸில் கழற்றலாம். ரேகா, லின் கைகளில் முடியாது.

புதிதாக அச்சாகும் ஸ்டீரியோ தட்டுகளை மட்டும் வாங்கிக் கேட்பவராக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பிடித்த பெல்ட் டிரைவை வாங்கிச் சந்தோஷமாக இருங்கள். எல்பி12இல் நல்ல தட்டொன்றைக் கேட்டுவிட்டு நடுராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவன்தான் நானும்.

மருமகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு எஸ்எல்-1200 வரிசையில் நடுத்தர விலையில் ஒன்று, ஒரு டிஎல்-102, ஒரு விஎம்95, அதற்கு இரண்டு ஊசி, மோனோ பொத்தான் உள்ள ஃபோனோ பிரீஆம்ப், தட்டு கழுவும் இயந்திரம் என்று வாங்கினான். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட உருப்படியான செலவு. நம் ஊர் ஈரக்காற்றில் முப்பது நாற்பது வருடம் கிடந்த தட்டைக் கழுவாமல் போட்டால் எந்த ஊசியும் வீண். வினைல் தட்டுக்குச் சொல்லும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 78இல் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரையும். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, உடனே துடைப்பு. லேபிளில் ஈரம் படக்கூடாது. ஒன்பதாயிரத்தில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. அது எங்கே போனது என்று அக்காவிடம் கேட்கவில்லை.

கோணம் பார்த்து, ஊசியின் எடையைச் சிறு தராசில் நிறுத்து, மட்டப்பலகை வைத்துச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று. மறுநாள் அம்மாவை அழைத்து வந்து வலது காதுப் பக்கம் ஒரு ஸ்பீக்கரை நகர்த்தி வைத்தோம். ஒவ்வொரு தட்டும் போட்டவுடனேயே கணினியில் பதிவாகிறது.

இருபத்திரண்டில் ஐந்துக்கு எண்ணை வைத்தே பெயர் தெரிந்திருந்தது. இரண்டு விரிசல் விட்டவை, ஊசி மாட்டிக்கொள்ளும் என்று தொடவில்லை. அம்மா பதினொன்றுக்குப் பெயர் சொன்னார், சிலவற்றுக்குப் பாட்டே தொடங்குமுன் ஹார்மோனியத்திலேயே. மீதி நான்கை அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பதிவுகளைத் தைப்பிங்கில் இருக்கும் சின்னம்மாவுக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் இரண்டுதான் கேட்டிருக்கிறாராம்.