வாளி நிறைந்தால் கூலி நிறையுமா?



"நேற்றைவிட இன்று பால் அதிகம், காசு மட்டும் ஏன் கூடவில்லை?" பால் மரம் வெட்டும் குடும்பங்களில், மழைக்காலத்தில் இந்தக் கேள்வி எழுவதுண்டு. இதற்கு விடை நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கன அளவு, பொருண்மை, எடை என்னும் மூன்று சொற்களைப் பிரித்தறிந்தால் போதும்.

ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடமே கன அளவு. பாலையும் நீரையும் நாம் லிட்டரில் அளப்பது இதைத்தான். அப்பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பது பொருண்மை. இதன் அளவை கிலோகிராம். அப்பொருளைப் பூமி தன்பால் இழுக்கும் விசையே எடை.

60 கிலோ பொருண்மை உள்ள ஒருவர் நிலவுக்குப் போனாலும் அவருடைய பொருண்மை 60 கிலோதான். ஆனால் நிலவின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே, இங்கு 60 கிலோ காட்டும் சுருள்வில் தராசு அங்கே 10 கிலோதான் காட்டும். பூமியிலேயே வாழும் நமக்கு இந்த வேறுபாடு தொல்லை தருவதில்லை. கன அளவைப் பொருண்மையோடு குழப்பிக்கொள்வதால்தான் நட்டம் வருகிறது.

அடுப்படியில் சோதித்துப் பாருங்கள். ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பையைப் பிரித்து, ஒரு லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றுங்கள். முழுவதும் கொள்ளாது. எண்ணெய் நீரைவிட இலேசானது. அதனால் ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான இடம் வேண்டும்.

இனிப் பால் வாளிக்கு வருவோம். 10 லிட்டர் பால் ஏறத்தாழ 9.8 கிலோ இருக்கும். அதில் நூற்றுக்கு 33 பங்கு உலர்ந்த ரப்பர் என்று கொண்டால், ரப்பர் 3.2 கிலோ. மங்குகளில் 2 லிட்டர் மழைநீர் சேர்ந்துவிட்டால், கன அளவு 12 லிட்டராகும், பொருண்மை 11.8 கிலோவாகும். ரப்பரோ அதே 3.2 கிலோதான்! நூற்றுக்கு 33 என்பது 27 ஆக இறங்கிவிடும். விலை ரப்பருக்கே அன்றி நீருக்கு இல்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். மழை பெய்யாத நாளில் வந்த கெட்டிப் பாலுக்கும் பழைய 27ஐயே போட்டால், 9.8 கிலோவுக்கு 2.6 கிலோ ரப்பர்தான் கணக்கில் ஏறும். அரைக் கிலோவுக்கு மேல் உழைப்பு வீணாகும். ஆகவே ஒவ்வொரு நாள் பாலையும் அன்றன்றே சோதிக்க வேண்டும்.

சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் கருவி, ரப்பர் மிகுந்த பாலில் ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் மேலே எழும்பி நிற்கும். இது விரைவான வழி. சிறிதளவு பாலை நிறுத்து, அமிலம் சேர்த்து உறையவைத்து, அழுத்திக் கழுவி, உலர்த்தி மீண்டும் நிறுத்துப் பார்ப்பது இன்னும் துல்லியமான வழி. எவ்வழியாயினும், பாலை நன்றாகக் கலக்கிய பின்னரே மாதிரி எடுக்க வேண்டும்.

இன்று பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் கட்டிப்பால் விற்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் இதே பாடம்தான். கட்டியில் தங்கிய நீர் வடிய வடிய எடை குறையும், ரப்பர் குறையாது.

எனவே பெற்றோர்களே, பால் நிறுக்கும் இடத்தில் "எத்தனை கிலோ?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "நூற்றுக்கு எத்தனை?" என்றும் கேளுங்கள். இரண்டையும் குறித்து வந்து பிள்ளையிடம் கொடுங்கள். பெருக்கி, நூறால் வகுத்து, விடையை அவனோ அவளோ சொல்லட்டும். பள்ளியில் கற்ற கணக்கு வீட்டுக் கூலியைக் காக்கட்டும்.