கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் வண்டி வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டும் பையும் சீட்டில் விழுந்துவிடும். போன வாரம் எனக்கு மூன்று பேர் சீட்டில் நடு இடம் கிடைத்தது. அதுவே பெரிசு. இண்டூரில் ஒரு அம்மா புளி மூட்டையோடு ஏறினார். மூட்டையைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, "அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா" என்றார். சன்னலோரப் பெண் கம்பியோடு ஒட்டினாள், நான் தோளைச் சாய்த்துக்கொண்டேன், ஓரத்துப் பெண் இடுப்பை இழுத்துக்கொண்டாள். அந்த அம்மாவும் பாதி சீட்டில், ஒரு காலை நடைபாதையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். நாலாவது இடம் உண்டாகிவிட்டது.

என் பாட்டி காலத்தில் இதற்கு "நவுந்து குந்து" என்பார்கள். இப்போது குந்து என்றால் மரியாதைக் குறைச்சல். நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற பெங்களூரில் இதே வேண்டுகோள் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி". கன்னடம் 'மாடு' சேர்க்கிறது, நாம் 'பண்ணு' சேர்க்கிறோம். இங்கிலீஷில் வினையாக இருந்த சொல் எல்லை தாண்டியதும் பெயராகிவிட்டது. வினை வேலையை நம் சொல்லே பார்க்கிறது. போதாததற்கு ஒரு 'கொள்' வேறு: பண்ணிக்கொள். இங்கிலீஷ்காரன் கடிகாரத்தையும் கண்ணாடியையும்தான் முதலில் அட்ஜஸ்ட் செய்வான். நாம் செய்வது நம்மையே.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். ஜஸ்டிஸ் என்ற சொல்லோடு உடன்பிறந்தது போலத் தெரியும். இல்லை. லத்தீனில் 'யுக்ஸ்டா' என்றால் பக்கத்தில். 'அட்' என்றால் நோக்கி. பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மூலப் பொருள். பிரெஞ்சு வழியாக வரும்போது, நியாயத்தைக் குறிக்கும் 'யுஸ்டுஸ்' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு, சரிப்படுத்து என்ற பொருளையும் ஏற்றிவிட்டார்கள். யுக்ஸ்டாவின் வேர் இன்னும் ஆழமானது. நுகத்தடியைக் குறிக்கும் இங்கிலீஷ் 'யோக்', சமஸ்கிருத 'யுகம்', 'யோகம்' எல்லாம் அதே வேரில் முளைத்தவை. ஒரே தடியின் கீழ் இரண்டு மாடு ஒட்டி நிற்பது. ஆக, லத்தீனே படிக்காத அந்தப் புளிக்கார அம்மா, சொல்லை அதன் பழைய பொருளில் அச்சாகச் சொல்லியிருக்கிறார்: பக்கத்தில் வா.

பஸ் பென்னாகரத்தை நெருங்கும்போது அவருக்கு ஒரு போன் வந்தது. கட்டிக்கொடுத்த மகள் போல. ரொம்ப நேரம் ம், ம் என்று கேட்டவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்னாடி பண்றது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார்.

அதே வாய், அதே சொல். பொருள்தான் வேறு. நம் வீடுகளில் இதற்கு முன்பு இருந்த சொல் 'அனுசரிச்சுப் போ'. அதில் 'அனு' என்றால் பின்னால், 'சரி' என்பது செல்வதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பின்னால் போ என்பதுதான் நேர்ப்பொருள். பக்கத்தில் வா என்று பிறந்த இங்கிலீஷ் சொல்லை வீட்டுக்குள் கூட்டிவந்து, பின்னால் போ என்ற பழைய வேலையில் நாம் உட்கார்த்தி வைத்துவிட்டோம். பஸ்ஸில் மூன்று பேரும் நகர்ந்தோம், கேட்டவரும் பாதி சீட்டோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் ஒருத்தி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் இந்தச் சொல் எங்கே போய் நின்றது என்று சொல்லவே கூசுகிறது. 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை, மலையாள சினிமாவில் பாலியல் இணக்கம் கேட்கும் சொற்களாகப் பெண்களுக்குப் பழகிப்போன இரண்டைக் குறிப்பிட்டது: காம்ப்ரமைஸ், அட்ஜஸ்ட்மெண்ட்.

பென்னாகரத்தில் மூட்டையை இறக்க ஒரு கை கொடுத்தேன். மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வந்தது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் இங்கே எழுதுகிறேன். மகளோடு போனில் பேசுகிற அம்மாக்களே, அடுத்த முறை போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை அவரிடமும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.