பொன்னாடையும் காலி நாற்காலியும்

மே மாதம் 31ஆம் தேதி வந்துவிட்டால் கேரளத்தில் பிரிவுபசார விழாக்களுக்குக் குறைவிராது. ஜூன் மாதம் பள்ளி திறக்கையில் பிள்ளைக்கு வயது நிறைந்திருக்க வேண்டுமென்று, எந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் மே மாதத்திலேயே ஒரு பிறந்த தேதியை எழுதிக் கொடுத்த பழைய தலைமுறைப் பெற்றோரின் கைங்கரியம் இது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். திருவனந்தபுரத்துத் தமிழாசிரியர்களும் அதில் அடக்கம். மண்டபத்தில் மாலை, பொன்னாடை, வாழ்த்து மடல், நினைவுப் பரிசு எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. நடக்கவேண்டியதுதான். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் விழா மேடையில் கேட்கப்படாத கேள்வி ஒன்றுண்டு. அவர் எழுந்துபோன நாற்காலியில் அடுத்து யார் உட்காரப் போகிறார்கள்?

துணைவேந்தர் நியமனம் என்றால் நாடே பேசுகிறது. 2022 அக்டோபர் 21ஆம் தேதி கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வுக் குழு பெயர்ப் பட்டியல் தராமல் ஒரே ஒரு பெயரை மட்டும் கொடுத்தது விதிக்குப் புறம்பானது என்பது காரணம். அதன் பின் ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த பூசல் மாதக்கணக்கில் பத்திரிகைகளின் முதல் பக்கத்தை நிறைத்தது. ஒரு சிறிய தமிழ்த்துறையில் ஓர் இடம் காலியானால் அதற்கு உள்பக்கத்தில்கூட நான்கு வரி கிடையாது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது துணைவேந்தர் அல்ல என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

நாற்காலி கைமாறுவது எப்படி என்பதற்கு இந்த ஊரிலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் ஹார்வி. அவருடைய அன்புக்கும் மதிப்புக்கும் உரியவராக வளர்ந்தவர் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை. 1885ல் அந்தப் பேராசிரியர் பதவிக்கு வந்தவர் அவர்தான். வெள்ளைக்காரர் இருந்த இடத்துக்கு மற்றொரு வெள்ளைக்காரரைக் கப்பலில் வரவழைக்காமல், கூடவே இருந்து வளர்ந்த ஒருவரை அமர்த்தியது அந்தக் காலத்தில் சாதாரணமான செய்தியல்ல. சுந்தரம் பிள்ளை அந்த நன்றியை மறக்கவில்லை. 1891ல் வெளியான 'மனோன்மணீயம்' நாடகத்தை ஹார்விக்கு உரிமையாக்கினார். பேரூர்க்கடையிலிருந்த தம் இல்லத்துக்கும் 'ஹார்விபுரம்' என்று பெயர் வைத்தார். அரசாங்கம் 1896ல் ராவ்பகதூர் பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டே, நாற்பத்திரண்டு வயதில், அவர் காலமானார். அந்தப் பட்டத்தை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவர் எழுதிய வாழ்த்துப் பாடலைத் தமிழக அரசு 1970ல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்று, 2021ல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. திருவனந்தபுரத்தில் ஒரு நாற்காலி சரியான ஆளுக்குப் போனதன் பலனில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் கதையும் இங்கே பொருந்தும். நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் பணியாற்றி 1931ல் ஓய்வு பெற்றார். 'கவிமணி' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது 1940ல். வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் வெறும் வாத்தியார்தான்! பட்டம் தாமதமானதால் யாருக்கும் நஷ்டமில்லை. அவரிடம் படித்துப் போன ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்காமல் வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பணியிடம் அப்படிப்பட்டதல்ல. அது ஓராண்டு காலியாகக் கிடந்தாலே ஓராண்டுப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். அந்நாளில் லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் துறைக்கு 1951ல் வந்து சேர்ந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனின் பதிப்பாசிரியர். 1946ல் சென்னையில் ஓய்வு பெற்றவர். பழந்தமிழ் நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார் என்று தமிழ்நாட்டில் பலருடைய கோபத்துக்கு ஆளானவர். இளமையில் அவர் வழக்கறிஞராக இருந்த இதே ஊர், அறுபது வயதில் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. அவருக்குப் பின் அத்துறையை வளர்த்தவர் நாகர்கோவில் வடசேரிக்காரரான வ.அய். சுப்பிரமணியம். தமிழோடு நில்லாமல் 1963ல் மொழியியல் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தனிநாயகம் அடிகளோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக வழி செய்தார். 1977ல் திராவிட மொழியியல் பள்ளியைத் திருவனந்தபுரத்தில் நிறுவினார். 1981ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனார். ஒரு பேராசிரியர் விலகிப் போவதென்றால் இப்படிப் போகவேண்டும். இருந்த இடத்தில் ஒரு துறையையும் ஒரு நிறுவனத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகக் கல்லூரியின் கதையும் தாழ்ந்ததல்ல. பேராசிரியர் ஜேசுதாசன் அங்கே தமிழ் கற்பித்தார். அவர் துணைவியார் ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கில விரிவுரையாளர். 1964ல் வெளிவந்த அவருடைய 'புத்தம் வீடு' நாவலைப் படிக்காத தமிழ் வாசகர் படித்தே ஆகவேண்டும். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறும் எழுதினார்கள். ஜேசுதாசனிடம் படித்த வேதசகாயகுமார் பிற்காலத்தில் அதே கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியரானார். 2020ல் அவரும் மறைந்தார். குருவின் வகுப்பில் உட்கார்ந்த மாணவரே குருவின் மேஜைக்கு வந்து சேர்வது எளிதில் நடப்பதல்ல. அதற்கு நடுவில் எந்தக் கண்ணியும் அறுந்துபோகாமல் இருக்கவேண்டும்.

கண்ணி முதலில் ஆட்டம் கண்டது 1956 நவம்பர் 1ஆம் தேதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழருக்கு அது வெற்றி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் திருவனந்தபுரத்துத் தமிழ் வகுப்புகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய நாஞ்சில் நாடு ஒரே இரவில் வேறு மாநிலமாயிற்று. தலைநகரம் மாறியது, தேர்வாணையம் மாறியது, வேலை கிடைக்கும் இடமும் மாறியது. இந்தப் பக்கம் தங்கிய தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். அதே 1956ல்தான் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மொழிக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்யவேண்டும் என்கிறது அது. வசதி என்றால் கட்டடமும் பெஞ்சும் மட்டும்தானா? ஆசிரியர் வேண்டாமா?

இங்கேதான் கணக்குக் குறுக்கே வருகிறது. கல்லூரியில் ஓர் ஆசிரியர் இடம் வேண்டுமானால் வாரத்துக்கு 16 மணி நேர வேலை இருக்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் கேரள அரசு உத்தரவு போட்டது. மீதி வரும் மணி நேரங்களுக்கு முன்பிருந்த சலுகையும், முதுகலை வகுப்புக்குக் கூடுதலாகக் கணக்கிடும் முறையும் அதில் போயின. கஜானாவின் நிலை அரசுக்குத்தான் தெரியும். ஆனால் இருநூறு பேர் சேரும் வணிகவியலுக்கும் இருபது பேர் சேரும் தமிழுக்கும் ஒரே படியால் அளந்தால் என்ன ஆகும்? மாணவர் குறைந்தால் மணி நேரம் குறையும், மணி நேரம் குறைந்தால் இடம் போகும். நிரந்தர ஆசிரியர் இல்லாத துறையில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் தயங்குவார்கள், மாணவர் மேலும் குறைவார்கள். அந்தத் துறையை யாரும் மூடவேண்டியதில்லை. அதுவே மூடிக்கொள்ளும். இடையில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வரும் தற்காலிக விரிவுரையாளர் ஒருவர், அடுத்த ஆண்டு இருப்போமா என்ற கவலையோடு பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

பழைய ஆய் நாட்டில் இதற்கு வேறு கணக்கு இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கருநந்தடக்கன் என்ற அரசன் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தான். காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றிய அந்தக் கல்விச்சாலையில் 95 சட்டருக்கு, அதாவது மாணவருக்கு, இடம் என்று செப்பேட்டில் வெட்டிவைத்தான். இடங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஆடாமல் இருக்கவேண்டும் என்ற அறிவு அவனுக்கு இருந்திருக்கிறது.

கல்லூரியில் தமிழ்த்துறை தளர்ந்தால் அதன் விளைவு கல்லூரியோடு நிற்பதில்லை. தமிழில் பட்டம் பெறுவோர் குறைந்தால் பயிற்சிக் கல்லூரிக்குத் தமிழ் போதனாமுறை படிக்க வருவோர் குறைவார்கள். பயிற்சி பெற்றவர் இல்லையென்றால் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? காசர்கோட்டில் நடந்ததைப் பார்த்தாலே போதும். கன்னடப் பள்ளிகளுக்குக் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் நியமனமாகி வந்தபோது, பிள்ளைகளும் பெற்றோரும் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. வழக்கு மன்றம் வரைக்கும் போனார்கள். அந்தப் போராட்டத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளைகள் இழந்த பாடத்தைத் திருப்பித் தர எந்த மன்றத்தாலும் ஆகாது.

ஆகவே தமிழ் அமைப்புகள் பிரிவுபசார விழா நடத்தும்போது வாழ்த்து மடலோடு ஒரு விண்ணப்பத்தையும் தயார் செய்யலாம். ஓய்வு பெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த நாள்தான். அரசுக் கல்லூரி இடம் என்றால் காலியாவதைக் கல்லூரிக் கல்வித்துறை பொதுப்பணித் தேர்வாணையத்துக்கு அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் தேர்வு நடந்து தரவரிசைப் பட்டியல் கையில் இருந்தும் பயனில்லை. அந்தப் பட்டியலுக்கு ஆயுள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளே. பல்கலைக்கழக இடம் என்றால் நியமனம் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு மூலம் நடக்கும். அதற்கு மனு போகவேண்டியது பதிவாளருக்கு. சிறுபான்மை மொழித் துறைகளுக்கு 16 மணி நேரக் கணக்கிலிருந்து விலக்கு வேண்டும் என்பதைத் தனியாக உயர்கல்வி அமைச்சருக்கு எழுதவேண்டும். மனுவை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி, நகல் ஒன்றைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வது நல்லது. விழாவுக்கு வரும் அமைச்சரிடம் மேடையிலேயே கொடுத்தால் தபால் செலவும் மிச்சம்.