ஓநாயின் படத்தில் ஓநாய் மட்டும் போதாது

2009-ஆம் ஆண்டில், உலகின் புகழ்பெற்ற கானுயிர் ஒளிப்படப் போட்டியின் முதல் பரிசு ஓர் ஓநாய்ப் படத்துக்குக் கிடைத்தது. ஸ்பெயினில் ஓர் இரவு. மரக்கதவு ஒன்றைத் தாண்டி அந்தரத்தில் பாயும் ஐபீரிய ஓநாய். 'கதைப்புத்தக ஓநாய்' என்பது படத்தின் தலைப்பு. 2010 ஜனவரியில் அந்தப் பரிசு பறிக்கப்பட்டது. படத்தில் இருப்பது வாடகைக்குக் கிடைக்கும் பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். படமெடுத்தவர் அதை மறுத்தார். காட்டு ஓநாய் இப்படி மெனக்கெட்டுத் தாவாது, கதவின் இடுக்கில் நுழைந்து போய்விடும் என்பதும் அப்போது எழுந்த சந்தேகங்களில் ஒன்று. அது மோசடியா இல்லையா என்ற வழக்கு கிடக்கட்டும். அந்தப் படம் ஏன் அவ்வளவு எளிதாக எல்லோருக்கும் பிடித்துப்போனது? பட்டிக்குள் பாயும் திருடன் என்று ஏற்கெனவே மனதில் இருந்த ஓநாயைத்தான் அது காட்டியது. ஆடு நனைகிறதே என்று ஓநாயை அழவைத்த நமக்கும் இந்தத் திருடன் புதியவனல்ல.

இப்போது காற்று மாறி வீசுகிறது. இந்திய ஓநாயைப் படமெடுப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று கருதும் ஒளிப்படக்காரர்கள் தக்காணப் புல்வெளிகளுக்குக் கிளம்புகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால், பெரும்பாலும் கிடைக்கும் படம் ஒரே வார்ப்பு: சட்டகம் நிறைய ஓநாயின் முகம், பொன்னிற வெளிச்சம், பின்னணி முழுக்க மங்கலான மஞ்சள். அந்த மங்கலுக்குள் மறைந்துபோவது எது? ஓநாயின் நிலம். இந்திய ஓநாய்க்கு இன்று முதன்மையான ஆபத்து நிலம் கைவிட்டுப் போவதுதான். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று நாட்டில் வளர்ந்த ஓநாய்கள் ஏறத்தாழ 3,100 என்று மதிப்பிட்டது. புலிகளின் எண்ணிக்கை அதைவிடச் சற்றே அதிகம். புலிக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் உண்டு. ஓநாய்க்கென அறிவித்த சரணாலயங்களை, 1976-இல் உருவான ஜார்க்கண்டின் மஹுவாடானரில் தொடங்கினால், விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற ஓநாய்களில் பெரும்பாலானவை காப்புக்காட்டுக்கு வெளியே, அரசு ஏடுகள் 'தரிசு' என்று எழுதிவைத்த புல்வெளிகளில் வாழ்கின்றன. தரிசு என்றால் யாருக்கும் கொடுத்துவிடலாம்: சூரிய மின்தகடுகளுக்கு, கல்குவாரிக்கு, தொழிற்பேட்டைக்கு. பசுமையாக்குகிறோம் என்று புல்லைத் தோண்டி மரக்கன்று நடுவதும் நடக்கிறது. அதைக் கைதட்டி வரவேற்கவும் ஆளிருக்கிறது.

முதலில் மக்கள் ஓநாயை நேசிக்கட்டும், நிலம் பிறகு வரும் என்று சொல்வார்கள். புலிக்கு அப்படித்தானே நடந்தது? இல்லை. புலியை நேசித்தவர் கைகாட்ட, சட்டப்படி காடு என்று பெயர் பெற்ற ஓர் இடம் முன்பே இருந்தது. ஓநாயும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது; கொன்றால் சிறை. ஆனால், அது குட்டி போடும் மேட்டை இயந்திரம் வைத்துச் சமப்படுத்தினால், அந்த மேடு ஏட்டில் வருவாய் நிலமாக இருக்கும்வரை, வனத்துறையின் கை எட்டுவதில்லை. அழகான முகத்தைப் பார்த்து உருகும் வாசகருக்கு இந்தச் சங்கதியே தெரியாது.

வேறு விதமாகவும் படமெடுக்கலாம். மகாராஷ்டிரத்தில் தங்கர் இடையர்கள் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். ஆடுகளைச் சுற்றி வலை, ஓரத்தில் நாய்கள், குதிரைமேல் வந்திறங்கிய பாத்திரம் பண்டம், கட்டிலுக்கடியில், பிறந்து சில நாளான ஆட்டுக்குட்டி. தொலைவில், காய்ந்த புல்லோடு புல்லாக, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இரண்டு காதுகள். அந்தப் படத்தில் ஓநாய் சிறியதுதான். ஆனால் அது யாரோடு, எதை நம்பி, எதற்கு அஞ்சி வாழ்கிறது என்பது முழுக்க இருக்கும்.

உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராய்ச்சில் 2024-இல் ஓநாய்த் தாக்குதல்களில் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்களிடம் இந்த மரியாதைப் பேச்சு எடுபடுமா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். அந்தத் துயரத்தை மறைக்கும் படம் பொய்ப் படம். ஆனால் பயம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு: 1875 முதல் 1925 வரையிலான அரை நூற்றாண்டில், பெரும்பாலும் வெகுமதிக்காக, இரண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். அதற்காக ஓநாயை அப்பாவியாகக் காட்டினால், அந்தப் படம் அடுத்த தாக்குதல் செய்தியிலேயே செல்லாக்காசாகிவிடும். ஆட்டை இழந்தவனையும் சேர்த்துக் காட்டுகிற படத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

ஒளிப்படச் சுற்றுலாவால் உள்ளூருக்கு வருமானம் வருகிறதே என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. குறித்த தடத்தில் ஓடும் வண்டியும் உள்ளூர் வழிகாட்டியும் இருந்தால் நல்லதே. வளை இருக்கும் இடத்தை வெளியிடுவதுதான் பெருந்தவறு. தொந்தரவு கூடினால் தாய் குட்டிகளை வாயில் கவ்வி இடம் மாற்றும். ஓநாய்மேல் கோபமுள்ளவருக்கோ வளை தெரிந்தால் போதும், புகை போட்டோ கல்லால் அடைத்தோ குட்டிகளைக் கொன்றுவிடலாம். ஆகவே, படக்குறிப்பில் மாவட்டம் போதும், ஊர் வேண்டாம். அதற்குப் பதில் வேறு இரண்டு தகவல்களை எழுதலாம்: அந்தப் புல்வெளி வருவாய்த்துறை ஏட்டில் எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது, அதைக் கேட்டு எந்தத் திட்டம் வரிசையில் நிற்கிறது. போட்டி நடத்துபவர்கள் இதை விதியாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கத்துக்கு ஓநாய் முகம் அச்சிடும் நாளிதழ்கள் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.